மருந்து மில் இறுகிய பங்குனி

நொச்சியடியில் மனிதர்கள் பத்தொன்பது நாள் உட்காராமல் இருந்த பங்குனி மாதத்தைப் பற்றிக் கேட்டால், பாதிப் பேர் அந்த வருஷத்து வெயிலைப் பற்றிப் பேசுவார்கள், மீதிப் பேர் தேய்ந்துபோன செருப்புகளைப் பற்றிப் பேசுவார்கள், மருந்து மில்லைப் பற்றி மட்டும் யாரும் தானாக வாயெடுக்க மாட்டார்கள். நான் மற்றவர்களோடு சேர்ந்து நடந்தவன், எனக்குத் தெரிந்த வரிசையில் சொல்கிறேன்.

ஊர் சின்னது. மலை வந்து தரையில் கால் ஊன்றுகிற இடத்தில் நான்கு தெருக்கள் சதுரமாக நிற்கும், தெற்குத்தெருவின் நடுவில், தெருவை மறித்தபடி, மருந்து மில். அரிசியும் கம்பும் அரைக்கிற மில் அல்ல அது, மலையிலிருந்து இறங்குகிற வேரும் பட்டையும் காயும் விதையும் பொடியாகிற மில். கிழக்கே முன்வாசல், மேற்கே பின்வாசல், நடுவில் ஆள் மார்பு உயரத்துக்கு ஒற்றை மெஷின். அதை நடத்திய கோமதிநாயகம் மனிதர்களிடம் குறைவாகவும் மெஷினிடம் அதிகமாகவும் பேசுகிறவர். தினமும் வேலை முடிந்ததும் ஒரு படி குருணையைப் போட்டு ஓட்டி அதன் வயிற்றைத் துடைப்பார். வாரத்துக்கு ஒருமுறை மூடியைக் கழற்றி, சல்லடையை உருவி, கண்களில் அடைத்த நாரை மூங்கில் சிராயால் ஒவ்வொன்றாகக் குத்தி எடுப்பார், இரும்பால் தொட மாட்டார். பிசின் உள்ள சரக்கு வந்தால் தவிட்டோடு கலந்து கொஞ்சம் கொஞ்சமாகத்தான் போடுவார். துரு பிடித்துவிடும் என்று ஒரு செம்புத் தண்ணீரைக்கூட அதன் பக்கத்தில் அண்டவிட மாட்டார். யார் பையைக் கொண்டுவந்தாலும் முதலில் கையை விட்டுத் துழாவிப் பார்த்த பிறகுதான் மெஷினின் வாயில் கொட்டுவார்.

எங்கள் ஊரில் பிள்ளை பெற்றவளுக்குக் கொடுக்கிற மருந்துப்பொடி வீட்டுக்கு வீடு வேறு. சுக்கும் மிளகும் திப்பிலியும் எல்லார் வீட்டிலும் உண்டு, ஆனால் எது எத்தனை பங்கு, கூட என்ன வேர் என்பதை மாமியார் மருமகளுக்கே மூன்றாவது பிள்ளைக்குப் பிறகுதான் சொல்வாள். மில்லில் வரிசையில் நிற்கிற பெண்கள் அடுத்தவள் பையை மூக்காலேயே எடைபோட்டுவிடுவார்கள் என்பதால், ஒவ்வொருத்தியும் சம்பந்தமில்லாத ஏதாவது ஒரு சரக்கை, ஒரு கை கொத்தமல்லியோ ஒரு கை ஆவாரம்பூவோ, மேலாகப் பரப்பிக் கொண்டுவருவாள். எல்லாருக்கும் தெரிந்த பொய் அது, யாரும் தப்பாக எடுத்துக்கொள்வதில்லை.

மேலத்தெரு பிரம்மசக்தி அம்மாளுக்கு அந்தப் பொய் போதவில்லை. அவளுடைய மருமகள் செண்பகவடிவுக்கு மாதம் நெருங்கிக்கொண்டிருந்தது, முதல் பிள்ளை, மகன் லாரியோடு வடக்கே போயிருந்தான். முன்பு ஒருதரம் கீழத்தெருக்காரி ஒருத்தி மணத்தை வைத்தே பக்குவத்தைக் கண்டுபிடித்துத் தன் வீட்டு மருந்து என்று சொல்லிக்கொண்டு திரிந்தாள் என்ற ஆத்திரம் பிரம்மசக்திக்கு ஆறவே இல்லை. அதனால் இந்த முறை சரக்கையெல்லாம் வீட்டிலேயே ஒன்றிரண்டாக இடித்து, கருப்பட்டிப் பாகில் பிசைந்து, எலுமிச்சங்காய் அளவு உருண்டை பிடித்து, மூன்று நாள் வெயிலில் போட்டு, அதற்கு மேல் சுக்கைப் பரப்பிக் கொண்டுபோனாள். கருப்பட்டிக்குள் இருப்பதைக் கண்ணாலும் எடுக்க முடியாது, மூக்காலும் எடுக்க முடியாது. கோமதிநாயகம் துழாவியபோது அவர் கைக்குச் சுக்குதான் தட்டுப்பட்டது.

செவ்வாய்க்கிழமை, உச்சிவேளை. மெஷினின் சூட்டில் கருப்பட்டி இளகி, உள்ளே சரக்கை உடைக்கிற சுத்திகளுக்கும் சல்லடைக்கும் நடுவில் ஓடி, எல்லாவற்றையும் ஒன்றாகப் பிடித்துக்கொண்டது. பெல்ட் கிறீச்சிட்டது, ரப்பர் தீய்ந்த நாற்றம் வந்தது, மெஷின் நின்றது, நின்றதும் பாகு ஆறிக் கல்லாகிவிட்டது.

"என்னத்தப் போட்டிய மயினி?" என்றார் கோமதிநாயகம்.

"சுக்குதான அண்ணாச்சி. உங்க மெஷினுக்கு வயசாயிட்டு, அதச் சொல்லுங்க" என்றாள் பிரம்மசக்தி.

அவர் சுவிட்சை அணைத்தார். நிமிஷத்துக்கு ஆயிரம் தடவை சுற்றிக்கொண்டிருந்த ஒன்று சட்டென்று நின்றால் அந்தச் சுற்று எங்காவது போயாக வேண்டும். அது எங்கள் கால்களுக்குள் போனது. முதலில் வரிசையில் நின்ற பெண்கள் நடந்தார்கள், பிறகு சோற்றில் கைவைத்தவர்கள் இலையை விட்டு எழுந்து நடந்தார்கள், பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் வாத்தியாரோடு நடந்தார்கள், சவரத்துக்குக் கழுத்தைக் கொடுத்திருந்தவர் பாதி முகச் சோப்போடு நடந்தார், பக்கவாதத்தில் எட்டு வருஷமாகக் கட்டிலோடு கிடந்த தளவாய் அண்ணாச்சிகூட எழுந்து, வேட்டியை இறுக்கிக் கட்டிக்கொண்டு, வாசற்படி இறங்கி, எங்களோடு நடந்தார். நான்கு தெருவையும் வலமாக, கோயிலைச் சுற்றுகிற மாதிரி. வேகம் ஒன்றும் இல்லை, ஆனால் நிற்க முடியாது. ஒரு காலை ஊன்றினால் மற்ற கால் கிளம்பிவிடும், உட்கார்ந்தாலும் படுத்தாலும் கால்கள் உடம்பை எழுப்பிக் கூட்டிக்கொண்டு போகும். ஆடு மாடு கோழிக்கு ஒன்றும் ஆகவில்லை. மாடுகள் தெருவோரம் படுத்து, அசைபோட்டுக்கொண்டு, நாங்கள் வருவதையும் போவதையும் பார்த்தன.

முதல் நாள் அழுதோம், இரண்டாம் நாள் ஒருவரையொருவர் ஏசினோம், மூன்றாம் நாள் பசித்தது. நடந்துகொண்டே சமைப்பது எப்படி என்று வடிவுதான் கண்டுபிடித்தாள்: ஒரு சுற்றில் வீட்டுக்குள் நுழைந்து அடுப்பைப் பற்றவைத்துப் பின்வழியாக வெளியேறினாள், அடுத்த சுற்றில் உலை வைத்தாள், அதற்கடுத்த சுற்றில் அரிசியைப் போட்டாள், ஆறாவது சுற்றில் வடித்தாள். "ஒரு சுத்துக்கு ஒரு சோலி. அவ்வளவுதான்" என்றாள், வயிற்றைக் கையால் தாங்கிக்கொண்டு. ஐந்தாம் நாளுக்குள் எல்லா வீட்டிலும் அப்படித்தான் சோறு வெந்தது. முன்னால் போகிறவரின் துண்டு முனையைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடித் தூங்கப் பழகினோம், ஐந்து பேர் தூங்க ஒருவர் முழித்திருந்து இழுத்துப்போனார். நாவிதர் பின்பக்கமாக நடந்தபடி எதிரில் வருகிறவருக்குச் சவரம் செய்தார். தெருவுக்கு ஒரு வாய்ப்பாடு என்று வாத்தியார் பிரித்துக்கொடுத்ததில், வகுப்பில் வராத ஏழாம் வாய்ப்பாடு தெற்குத்தெருவில் எல்லாப் பிள்ளைக்கும் வந்தது. குறித்திருந்த கல்யாணம் ஒன்றும் நிற்கவில்லை. அக்கினியை மண்சட்டியில் வைத்து ஒருவர் முன்னால் தூக்கிப்போக, மாப்பிள்ளை மூன்றாவது முயற்சியில் தாலியை முடிந்தார். "இனிமே பொண்ணு கோவிச்சுக்கிட்டுப் பொறந்த வீட்டுக்குப் போயிருவாளோன்னு பயமில்ல, எல்லாரும் ஒரே பக்கமாத்தானே போறோம்" என்றார் பெண்ணின் தாய்மாமன், சாப்பாட்டு இலையைக் கையில் ஏந்தி நடந்துகொண்டே.

வெளியூர்க்காரர்கள் எல்லைக்கல்லுக்கு அந்தப் பக்கம் நின்று கடலை தின்றபடி எங்களை வேடிக்கை பார்த்தார்கள். சிலர் இரக்கப்பட்டுச் செருப்புகளை வீசினார்கள், பெரும்பாலும் ஒற்றைச் செருப்பு. கல்லைத் தாண்டி உள்ளே வந்தவர்களையும் சுற்று பிடித்துக்கொண்டது, உள்ளே இருந்தவர்களின் கால் அந்தக் கல்லோடு திரும்பிவிட்டது. வடிவை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக ஆம்புலன்ஸ் வந்தது. டிரைவர் பின்கதவைத் திறக்க இறங்கினார், இறங்கியவர் எங்களோடு நடந்துவந்துவிட்டார். நல்ல மனிதர், பாடத் தெரிந்தவர்.

ஆனால் வடிவின் நாள் நெருங்க நெருங்க, பழகிப்போன நடையில் ஒரு பதற்றம் புகுந்தது. அவள் பாதங்கள் பூசணிக்காய் மாதிரி வீங்கிவிட்டன. துணை சுகாதார நிலையத்து ஜெபமணி நர்ஸ் அவள் பக்கத்திலேயே நடந்தாள், சுற்றுக்கு ஒருமுறை நாடி பார்த்தாள்.

"நடக்கிறது பிள்ளத்தாச்சிக்கு நல்லதுன்னு நாந்தான் எல்லாருக்கும் சொல்லுவேன். ஆனா பெத்துக்கிடுறதுக்கு ஒரு இடத்துல கெடக்கணும்லா. நடந்துக்கிட்டே பெத்தா புள்ள தரையில விழும், தாய் ரத்தமாப் போயிருவா. நான் பிடிக்கலாம்னா எங்காலு நிக்குமா?" என்றாள்.

அதற்குள் மெஷினை விடுவித்தாக வேண்டும் என்பது எல்லாருக்கும் தெரியும், விடுவித்தால் கால் நிற்கும் என்பதும் யாரும் சொல்லாமலே தெரியும். கோமதிநாயகத்தின் கஷ்டம் என்னவென்றால், முன்வாசலில் நுழைந்து பின்வாசலில் வெளியேறுகிற எட்டு அடி தூரம்தான் மெஷின் அவர் கைக்கு எட்டும், பிறகு ஒரு முழுச் சுற்று வந்தால்தான் திரும்ப எட்டும். முதல் நாள் கோபத்தில், வாழ்நாளில் செய்யாத காரியமாக, போகிற போக்கில் சம்மட்டியால் ஓங்கி அடித்துவிட்டார். மூடியின் போல்ட் வளைந்தது, உள்ளே ஒன்றும் அசையவில்லை. அதன் பிறகு மூன்று நாள் அவர் யார் முகத்தையும் பார்க்கவில்லை. வளைந்த போல்ட்டைச் சுற்றுக்குக் கால் திருகாகக் கழற்றவே ஒரு வாரம் போனது.

மூடி கழன்றதும், வடிவின் சோறு மாதிரியே மெஷினையும் பார்த்துக்கொள்ளலாம் என்று ஊர் முடிவு செய்தது. ஒரு ஆள், ஒரு சுற்று, ஒரு சோலி. "குங்கிலியம் மாதிரி ஏதோ பிசினு கலந்திருக்கு. பிசினு எண்ணெய்க்குத்தான் எளகும்" என்றார் கோமதிநாயகம். ஆளுக்கொரு கரண்டி சூடான நல்லெண்ணெயை ஊற்றிக்கொண்டு போனோம், பின்னால் வருகிறவர் மூங்கில் சிராயால் ஒரு கீறல் கீறினார். பகல் முழுவதும் கீறுவோம். கட்டி கறுப்பாக மினுங்கிக்கொண்டு அப்படியே இருக்கும். பிரம்மசக்தியும் தன் முறை வரும்போது தன் கரண்டியைக் கவிழ்த்துவிட்டுத்தான் போனாள். கருப்பட்டி எண்ணெய்க்கு இளகாது என்பது அவளுக்குத் தெரியும். கடைசியில் கட்டியே தானாக உதிர்ந்துவிடும், சொல்ல வேண்டியிருக்காது என்று நினைத்தாளோ என்னவோ.

தளவாய் அண்ணாச்சி அந்த நாட்களில் என் பக்கமாகவே நடந்தார். எட்டு வருஷத்தில் ஊர் மாறியிருப்பதையெல்லாம் ஒவ்வொரு சுற்றிலும் ஒவ்வொன்றாகக் கண்டுபிடித்தார், இங்கே ஒரு புங்கமரம் இருந்ததே, இந்தச் சுவரில் ஏன் நீலம் அடித்தார்கள் என்று. பதினைந்தாம் நாள் கேட்டார்: "மில்லு சரியாச்சுன்னா எனக்கு என்ன ஆகும்ல?"

எனக்குப் பதில் தெரியும், அவருக்கும் தெரியும். "தெரியல அண்ணாச்சி" என்றேன்.

"பொய் சொல்லத் தெரியலயேல உனக்கு" என்று சிரித்தார். அதன் பிறகும் தன் கரண்டி எண்ணெயை ஒரு சுற்றுகூட அவர் தவறவிடவில்லை.

பத்தொன்பதாம் நாள் காலையில், வடக்குத்தெரு முனையில் வடிவுக்கு வலி எடுத்தது. சுவரைப் பிடித்தாள், கால்கள் அவளைச் சுவரிலிருந்து பிய்த்துக்கொண்டு போயின. ஜெபமணி வயிற்றில் கையை வைத்தபடியே நடந்து, "நாலு மணி நேரம். மிஞ்சினா அஞ்சு" என்றாள். அந்தச் சொல் நான்கு தெருவையும் எங்களைவிட வேகமாகச் சுற்றிவந்தது. பிரம்மசக்தி ஒரு சுற்று பேசாமல் நடந்தாள், இரண்டாம் சுற்றும் பேசாமல் நடந்தாள், மருமகள் பல்லைக் கடித்துக்கொண்டு முனகுவதைக் கேட்டுக்கொண்டே. மூன்றாம் சுற்றில் மில்லுக்குள் நுழைந்ததும் முன்னால் போன கோமதிநாயகத்தின் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

"அண்ணாச்சி, எண்ணெய ஊத்தச் சொல்லாதிய."

"ஏன்?"

"அது பிசினு இல்ல. கருப்பட்டி. உருண்ட பிடிச்சுப் போட்டேன்."

அவர் பின்வாசலைத் தாண்டினார். தெருவில் இறங்கிய பிறகு, நாங்கள் கேட்டே இராத குரலில் கத்தினார்: "சுடுதண்ணிக்குலா கேக்கும் அது! இத்தன நாளா எண்ணெயில குளிப்பாட்டி, ஒரு சொட்டுத் தண்ணி இறங்காம அடச்சு வச்சிருக்கேன்! ஒங்க மருந்து ரகசியத்துல இடி விழ!"

"விழட்டும்" என்றாள் பிரம்மசக்தி. "இப்ப என்ன செய்யணும்னு சொல்லுங்க."

வாழ்நாள் முழுதும் தண்ணீரை அண்டவிடாத மனிதர், எல்லா வீட்டிலும் அண்டாவில் வெந்நீர் போடச் சொன்னார். முதலில் எண்ணெய்ப் பிசுக்குப் போக அடுப்புச் சாம்பல் கரைத்த வெந்நீர், பிறகு வெறும் வெந்நீர். ஆளுக்கொரு செம்பு, ஆளுக்கொரு கீறல். நான்காவது சுற்றில் சல்லடைக்குக் கீழே பழுப்பாக ஒழுகியது. ஏழாவது சுற்றில் மில்லின் பின்வாசல் வழியாகக் கருப்பட்டித் தண்ணீர் ஓடையாக இறங்க, சுக்கும் திப்பிலியும் பெயர் தெரியாத ஒரு வேரும் நான்கு தெருவுக்கும் மணத்தன. கீழத்தெருக்காரி மூக்கை உறிஞ்சினாள், ஆனால் பங்கு பார்க்கிற மனநிலையில் அவளும் இல்லை.

கட்டி இளகிவிட்டது, மெஷின் மட்டும் சுற்றவில்லை. பெல்ட்டைக் கையால் இழுக்க இழுக்க, இளகியது போய்ச் சல்லடையில் இன்னும் அப்பிக்கொண்டது. கோமதிநாயகம் சக்கரத்தைத் தொட்டுப் பார்த்தபடி வெளியேறினார். "முன்பக்கம் இழுத்தா இறுகுது. பின்பக்கமாத் திருப்பணும். ஆனா நாம எல்லாரும் கிழக்கேருந்து மேற்கே போறோம். கை போற பக்கந்தான இழுக்கும்?"

"அப்போ?"

"மேற்கேருந்து வரணும். தெருவு குறுகல், ஒருத்தர் மட்டும் எதுர வந்தா முட்டிக்கிடுவோம். மொத்த ஊரும் திரும்பணும்."

மொத்த ஊரும் திரும்புவதென்றால் இடமாகச் சுற்றுவது. கால்களுக்கு நடந்தால் போதும், எந்தப் பக்கம் என்று அவை கேட்கவில்லை. பத்தொன்பது நாளில் ஒருவரும் அந்தப் பக்கம் திரும்பாததற்குக் காரணம் கால் அல்ல. எங்கள் ஊரில் மனிதன் இடமாகச் சுற்றுவது ஒரே ஒரு இடத்தில்தான், சிதையை.

"வேண்டாம்" என்றாள் பிரம்மசக்தி. அதுவரை தாழ்ந்திருந்த குரல் உயர்ந்தது. "நெறமாசக்காரிய நடுவுல வச்சுக்கிட்டு, வலி எடுத்த நேரத்துல, பொணத்தச் சுத்துற மாரி சுத்துவியளா? என் தப்புக்கு என்னைய என்ன வேணாலும் செய்யுங்க. இது வேண்டாம். அந்த உசுருக்கு ஆகாது."

அவள் சொன்னது எல்லார் மனசிலும் இருந்ததுதான். ஒரு தெரு முழுவதும் செருப்புச் சத்தம் மட்டும் கேட்டது, அதன் நடுவில் வடிவின் மூச்சு.

"அத்த" என்றாள் வடிவு.

"என்னட்டி?"

"வலமாத்தான இத்தன நாளு சுத்துனோம். எனக்கு என்ன கெடச்சுது, சொல்லுங்க."

பதிலுக்கு அவள் காத்திருக்கவில்லை. மேலத்தெரு நடுவில், வயிற்றை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, உடம்பைத் திருப்பி, எங்கள் எல்லாருக்கும் எதிராக நடக்கத் தொடங்கினாள். எதிரில் வந்த கூட்டம் அவளுக்கு முன்னால் இரண்டாகப் பிளந்தது. அவள் என்னைத் தாண்டியபோது நான் திரும்பினேன். அந்தப் பக்கம் நான் ஒருமுறை நடந்திருக்கிறேன், என் மனைவியின் சிதையை, பிள்ளை இல்லாத வீடு என்பதால் தோளில் பானையை நானே சுமந்து, மூன்று சுற்று. அதற்கு மேல் அந்தத் திசை எனக்கு என்ன செய்துவிடும்? என்னை அடுத்துத் தளவாய் அண்ணாச்சி திரும்பினார், ஆம்புலன்ஸ் டிரைவர் திரும்பினார், நர்ஸ் குருசு போட்டுக்கொண்டு திரும்பினாள், பிறகு வீடுவீடாக, தெருத்தெருவாக, ஆற்றில் ஒரு பக்கம் போன தண்ணீர் மறுபக்கம் புரள்வதுபோல ஊர் திரும்பியது. கடைசியாக, முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு, பிரம்மசக்தி திரும்பினாள்.

பின்வாசலில் நுழைந்து முன்வாசலில் வெளியேறினோம். ஒருவர் பெல்ட்டைப் பிடித்து இழுத்தபடி எட்டு அடி நடந்து, விட்டுவிடுமுன் அடுத்தவர் கையில் கொடுத்தார், அவர் அடுத்தவர் கையில். கோமதிநாயகம் வெளியேறும்போதெல்லாம் "மெதுவா, வெட்டி இழுக்காதிய, பிள்ளையத் தூக்குற மாரி" என்று சொல்லிக்கொண்டே போனார். முதல் சுற்றில் சக்கரம் ஒரு விரல் அளவு பின்னால் வந்தது. இரண்டாம் சுற்றில் ஒரு சாண். மூன்றாம் சுற்றில் ஏதோ ஒன்று உள்ளே தடுத்துக்கொண்டு நின்றது, ஐம்பது அறுபது கை மாறியும் நகரவில்லை. எனக்கு முன்னால் போன தளவாய் அண்ணாச்சியிடம் பெல்ட் வந்தது. அவர் அதைக் கையில் வாங்கிக் கொஞ்சம் பார்த்தார், பிறகு தன் கால்களைப் பார்த்தார், தெருவில் வடிவு அலறினாள், அவர் இரண்டு கையாலும் பிடித்து, உடம்பு முழுவதையும் அதில் போட்டு இழுத்தார்.

உள்ளே 'களக்' என்று ஒரு சத்தம். சக்கரம் பின்பக்கமாக ஒரு முழுச் சுற்று வந்து, இன்னொன்று வந்து, தானாக ஓய்ந்தது. தளவாய் அண்ணாச்சி மடிந்து விழுந்தார், பின்னால் இருந்ததால் நான் பிடித்தேன், பிடித்த பிறகுதான் நான் நின்றுகொண்டிருப்பது எனக்கே தெரிந்தது.

ஊர் உட்கார்ந்தது. எங்கே இருந்தார்களோ அங்கேயே, சாக்கடைக் கரையிலும் மாட்டுக்குப் பக்கத்திலும் அடுத்தவர் மடியிலும், உட்கார்வதை மட்டும் செய்தார்கள். வடிவை மில்லுக்குள் ஆவாரம்பூ மூட்டைகளின் மேல் படுக்கவைத்துச் சுற்றிலும் சாக்கைக் கட்டி மறைத்தார்கள். மறைப்புக்கு இந்தப் பக்கம் கோமதிநாயகம் முதுகைக் காட்டி உட்கார்ந்து, நனைந்த சல்லடையையும் சுத்திகளையும் வேட்டி முனையால் துடைத்து, ஒவ்வொன்றையும் வெயிலில் காயவைத்து, தொண்ணூறு தடவை "துரு ஏறிரக் கூடாது" என்று முணுமுணுத்தார். உச்சிவேளைக்குள் பெண் குழந்தை பிறந்தது. தாய்க்கும் ஒன்றுமில்லை.

பிறந்த குழந்தை அழுதது, ஊர் சிரித்தது. பிறகும் அழுதது. பால் வைத்தார்கள், வாயை எடுத்துவிட்டு அழுதது. சர்க்கரைத் தண்ணீர் தொட்டுவைத்தார்கள், துப்பிவிட்டு அழுதது. நீலம் பாரிக்கிற அளவுக்கு அழுதது. ஜெபமணி குழந்தையைத் தூக்கிக் காதை வைத்துக் கேட்டுவிட்டு வெளியே வந்தாள்.

"ஒண்ணுமில்ல. இத்தன நாளு உள்ள நடையிலயே கெடந்த புள்ள. உலகம் நின்னது அதுக்குப் பிடிக்கல. யாராவது தூக்கிக்கிட்டு நடங்க."

ஊரில் ஒருவரும் எழுந்திருக்கவில்லை. எல்லாரும் தங்கள் பாதங்களைப் பார்த்தார்கள், கொப்புளமும் வெடிப்பும் காய்ந்த ரத்தமுமாக இருந்த பாதங்களை. குழந்தையின் அழுகை ஒவ்வொருவராகத் தொட்டுக்கொண்டு போனது. அப்போது மில்லின் படியில் கையை ஊன்றி, 'யம்மா' என்று முனகி, பிரம்மசக்தி எழுந்தாள்.

"அத்த, உக்காருங்க, ஒங்க காலப் பாருங்க" என்று உள்ளேயிருந்து வடிவு சொன்னாள்.

"நீ கெட. இத எங்கிட்டக் குடு."

அவள் நொண்டி நொண்டித் தெருவில் இறங்கியதும் அழுகை தேம்பலாகக் குறைந்தது. அவள் எந்தப் பக்கமாகப் போனாள் என்று யாரும் பார்க்கவில்லை. அரைச் சுற்றில் அவள் கால் மடங்கியபோது கீழத்தெருக்காரி கையை நீட்டினாள், அவளிடமிருந்து ஆம்புலன்ஸ் டிரைவர் வாங்கினார், அவர் பாடிக்கொண்டே நடந்தார், பிறகு நாவிதர், பிறகு வாத்தியார். பத்தொன்பது நாள் எல்லாரும் சேர்ந்து நடந்த தெருக்களில் அன்று பிற்பகல் ஒரே ஒருவர் நடக்க மற்றவர்கள் எல்லாரும் உட்கார்ந்து பார்த்தார்கள்.

என் கைக்கு வந்தபோது குழந்தையின் தேம்பல் நின்றிருந்தது. எடையே இல்லை, சூடு மட்டும்தான். ஒரு சுற்று முடித்து மில் பக்கம் வந்தேன். சுவரில் சாய்த்துவைத்திருந்த தளவாய் அண்ணாச்சி, ஒரு கால் ஒரு பக்கமும் மறுகால் ஒரு பக்கமும் வைத்த இடத்தில் கிடக்க, என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இன்னொரு சுத்து போயிட்டு வால" என்றார்.

"தூங்கிருச்சு அண்ணாச்சி."

"தெரியுது. போ."

போனேன்.